“உன் புருவம் என்ன தப்பு செய்தது?”

வணக்கம் அம்மா,

நான் ஒரு பஞ்சாபி சீக்கியப் பெண். வயது 20. சண்டிகரில் விடுதியில் தங்கி பி.ஏ. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நான் தமிழில் எழுதுவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அப்பா சென்னையில் வாகன உதிரிபாகக் கடை வைத்திருந்தார். பத்தாம் வகுப்புவரை அங்கேதான் படித்தேன். பள்ளியில் தமிழ்தான் என் இரண்டாம் மொழி. ஞாயிற்றுக்கிழமை ஜி.என். செட்டி சாலை குருத்வாராவில் லங்கர் சாப்பாடு, மற்ற நாட்களில் தோழி வீட்டுத் தயிர்சாதம் என்று வளர்ந்தேன். இப்போது குடும்பம் லூதியானாவில் பின்னலாடைத் தொழில் செய்கிறது. அப்பாவுக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. வீட்டில் யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைத் தமிழில் எழுதுகிறேன்.

முதலாம் ஆண்டில் கல்லூரி இளைஞர் விழாவில் கித்தா ஆடினேன். பன்னிரண்டு பெண்கள் வட்டமாக நின்று, கைதட்டி, ஒருத்தி மாற்றி ஒருத்தி நடுவில் வந்து ‘போலி’ (boli) என்ற நாட்டுப்பாடல் வரிகளைப் பாடும் ஆட்டம் அது. முழங்கால்வரை தொங்கும் என் ஜடையில் சிவப்புப் பராந்தா, அதாவது எங்கள் ஊர்ச் சடைக்குஞ்சம், கட்டியிருந்தேன். நான் நடுவில் வந்தபோது அரங்கமே சேர்ந்து தட்டியது. அன்று இரவு தூக்கமே வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் துணிக்கடை விளம்பரங்களுக்குக் கூப்பிட்டார்கள். பிறகு அழகிப் போட்டி. இரண்டு சுற்றுகள் தாண்டிவிட்டேன். மாநில அளவிலான இறுதிச்சுற்றுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

2021 டிசம்பரில் ஹர்னாஸ் சந்து மிஸ் யுனிவர்ஸ் ஆனபோது நாங்கள் லூதியானாவுக்கு வந்த புதிது. எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண், சண்டிகரில் படித்தவர், 21 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்கு அந்தப் பட்டத்தைக் கொண்டுவந்தார். தெருவெல்லாம் லட்டு கொடுத்தார்கள். எங்கள் பீஜியும், அப்பாவின் அம்மாவைத்தான் அப்படி அழைப்போம், இரண்டு லட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது என் பயிற்சியாளர் மூன்று விஷயங்கள் கேட்கிறார். முடியைத் தோள்வரை வெட்ட வேண்டும். கை, கால், முகத்து முடியை நீக்க வேண்டும். இன்னும் இரண்டு கிலோ குறைக்க வேண்டும். “இந்த ஜடையோடு மேடையேறினால் கிராமத்துத் திருமணத்துக்கு வந்தவள் மாதிரி இருப்பாய்” என்கிறார்.

தமிழ் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்குக் கேஷ், அதாவது வெட்டாத முடி, ஐந்து ககார்கள் என்ற எங்கள் மத அடையாளங்களில் ஒன்று. தலைமுடி மட்டும் இல்லை, உடம்பின் எந்த முடியையும் வெட்டக் கூடாது. இதைப் பின்பற்றாத சீக்கியப் பெண்கள் ஏராளம். என் வகுப்பிலேயே பாதிப் பேர் வெட்டியிருக்கிறார்கள். நான் இன்னும் அமிர்தம், அதாவது எங்கள் மதத் தீட்சை, பெறவில்லை. ஆனால் பீஜி பெற்றவர். சிறுவயதிலிருந்து என் தலையை வாரிவிட்டது அவர்தான். 1984 நவம்பரில் டெல்லியில் சீக்கியர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில் பீஜியின் தம்பி உயிர் பிழைப்பதற்காகத் தன் கையாலேயே முடியை வெட்டிக்கொண்டாராம். பிழைத்துவிட்டார். அதன் பிறகு சாகும்வரை கண்ணாடி பார்க்கவில்லை என்று பீஜி சொல்வார்.

இரண்டு மாதம் முன்பு விடுதித் தோழியோடு போய்ப் புருவம் திருத்திக்கொண்டேன். ஊருக்குப் போனபோது துப்பட்டாவை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். பீஜி அதை மெல்ல விலக்கிப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “உன் புருவம் என்ன தப்பு செய்தது?” அதன் பிறகு என்னோடு பேசவில்லை. தலையும் வாரிவிடவில்லை. அப்பாவுக்குப் போட்டி பற்றித் தெரியும், பாதிப் பணம் கட்டியதே அவர்தான். ஆனால் “பீஜியிடம் சொல்லாதே” என்கிறார். அம்மா எதற்கும் வாய் திறப்பதில்லை.

என் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். நான்கு மாதம் முன்பு 61 கிலோ இருந்தேன், இப்போது 50. காலையில் கறுப்புக் காப்பி, மதியம் இரண்டு முட்டை, இரவு வெள்ளரிக்காய். ரொட்டியை நிறுத்திவிட்டேன். மாடியேறினால் சில நேரம் கண் இருட்டும். மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை, அது ஒரு வகையில் வசதியாகத்தான் இருக்கிறது. கங்காவில், எங்கள் மரச்சீப்பில், கற்றை கற்றையாக முடி வருகிறது. எப்படியும் உதிர்கிற முடிதானே, வெட்டினால் என்ன என்றுகூடத் தோன்றுகிறது.

முடியை வெட்டட்டுமா, வேண்டாமா? வெட்டினால் நான் யார்? வெட்டாவிட்டால் இவ்வளவு உழைத்ததற்கு என்ன அர்த்தம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சண்டிகர்

*

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கத்தரிக்கோலைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அதற்கு வருகிறேன். ஆனால் நீ கடைசியில் போகிறபோக்கில் எழுதிவிட்டுத் தாண்டிய பத்தியிலேயே என் மனம் நின்றுவிட்டது. கண் இருட்டுகிறது, மூன்று மாதமாக மாதவிடாய் இல்லை, சீப்பில் கற்றையாக முடி. இதை “வசதி” என்று எழுதியிருக்கிறாய். மகளே, இது வசதி இல்லை. உன் உடம்பு செலவைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

உன் உயரத்துக்கு 61 கிலோ முற்றிலும் சரியான எடை. 50 கிலோவில் உன் உடல் நிறைக் குறியீடு 17க்கும் கீழே இறங்கிவிட்டது. 18.5க்குக் கீழே போனாலே எடைக் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த நிலையில் இன்னும் இரண்டு கிலோ கேட்கிறவர் உன் உடம்பைப் பார்க்கவில்லை, உடையின் அளவைப் பார்க்கிறார்.

சாப்பாடு போதாதபோது, உயிர் வாழ அவசியமில்லாத வேலைகளை உடம்பு ஒவ்வொன்றாக நிறுத்தும். கருத்தரிப்பதற்கான ஏற்பாடு முதலில் நிற்கும், மாதவிடாய் வராமல் போவது அதனால்தான். முடி வளர்ப்பதும் அப்படி நிறுத்தப்படும் வேலைதான். முடிவேர்கள் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக உதிரும். இன்று உன் கங்காவில் வருவது, இரண்டு மூன்று மாதம் முன்பு நீ விட்டுவிட்ட ரொட்டிகளின் கணக்கு. உன் கேஷை வெட்டலாமா என்று என்னிடம் கேட்கிறாய், அதற்குள் பட்டினி அதை எடுத்துப் போய்க்கொண்டிருக்கிறது. நன்றாகச் சாப்பிடத் தொடங்கினால் சில மாதங்களில் பெரும்பாலும் திரும்ப வளரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பயந்துவிடாதே.

ஆனால் பட்டினி மட்டும்தான் காரணம் என்று நான் இங்கிருந்து தீர்ப்பு எழுத முடியாது. தைராய்டு, இரத்தசோகை, சினைப்பைக் கோளாறு என்று வேறு காரணங்களும் இருக்கலாம். இந்த வாரமே ஒரு மகளிர் மருத்துவரைப் பார். என்ன சாப்பிடுகிறாய், எதை நிறுத்தினாய், எவ்வளவு எடை குறைந்தது என்பதை எனக்கு எழுதியது போலவே அவரிடமும் சொல். ஒருமுறை மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, நாள் பார்க்காமல் அன்றே போ. இரவில் தனியாக இருக்கும்போது மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசு. அரசின் இலவச மனநலச் சேவை அது, இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கிறார்கள். பஞ்சாபியிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

நீ சொன்ன ஹர்னாஸ் சந்துவையே எடுத்துக்கொள். மகுடம் சூடிய சில மாதங்களில், எடை கூடிவிட்டது என்று அவரைக் கேலி செய்தார்கள். தனக்கு சீலியாக் நோய் இருக்கிறது, கோதுமையை உடல் ஏற்றுக்கொள்ளாது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். தட்டில் ரொட்டி இல்லாமல் சாப்பாடே இல்லை என்கிற பஞ்சாபில் பிறந்த பெண்ணுக்கு அப்படி ஒரு நோய்! முன்பு ஒல்லி என்று ஏசியவர்கள் இப்போது குண்டு என்று ஏசுகிறார்கள் என்றார். உலகமே தேர்ந்தெடுத்த உடம்புக்கும் இந்த நிலைமைதான். 48 கிலோவுக்கு வந்துவிட்டால் பேச்சு நின்றுவிடும் என்று உன்னிடம் யாராவது சொன்னால் நம்பாதே.

இனி முடிக்கு வருகிறேன். வெட்டினால் நீ சீக்கியப் பெண்தானா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லக் கூடாது. அது உனக்கும் உன் நம்பிக்கைக்கும் நடுவில் இருக்கிற விஷயம். உன் வகுப்பில் முடி வெட்டிய பெண்களையும் நான் குறைவாக நினைக்கவில்லை. உளவியல் படித்தவளாக ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்: இந்த ஆறு வாரத்துக்குள் வெட்டாதே. பசியோடும், தேதி நெருக்கத்தோடும், இன்னொருவரின் ஏளனம் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதும் எடுக்கிற முடிவை உன் முடிவு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இருபது ஆண்டுகள் வளர்ந்ததை இருபது நிமிடத்தில் வெட்டிவிடலாம், வெட்டிய பிறகு காத்திருக்க வேண்டியது நீதான். போட்டியெல்லாம் முடிந்து, வயிறு நிறைந்து, யாரும் கேட்காத ஒரு நாளில் வெட்ட வேண்டும் என்று உனக்கே தோன்றினால், அன்று பீஜி அழுதாலும் அது உன் உரிமைதான். அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். பீஜியின் தம்பி பட்ட வேதனையை நீ மதிக்கலாம். அதை உன் தலையில் சுமந்தே ஆக வேண்டும் என்று உன்னைக் கட்டாயப்படுத்த யாருக்கும் அதிகாரமில்லை.

பயிற்சியாளரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். தோள்வரை முடி என்பது போட்டியின் விதியா, அவருடைய ரசனையா? நீ கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்து வரிவரியாகப் படி. அதில் இல்லையென்றால் போட்டி நடத்துகிறவர்களுக்கே நேரடியாக எழுது: என் மத நம்பிக்கையின்படி முடியை வெட்டுவதில்லை, உடல் முடியை நீக்குவதில்லை, எந்தெந்தச் சுற்றில் என்ன உடை, முழுக்கை உடை அணியலாமா? பதிலை எழுத்தில் வாங்கு. கேட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நீயே முடிவு செய்துவிடாதே. மிஸ் வேர்ல்டு போட்டியே 2014இல் நீச்சலுடைச் சுற்றை விட்டுவிடுவதாக அறிவித்தது. 2018இல் மிஸ் இங்கிலாந்து இறுதிச்சுற்றில் சாரா இஃப்தேகார் ஹிஜாப் அணிந்து நின்றார். 2022இல் அதே போட்டியில் மெலிசா ரவூஃப் ஒப்பனையே இல்லாமல் வந்து இறுதிச்சுற்றுக்குத் தேர்வானார். இருவருக்கும் மகுடம் கிடைக்கவில்லை. உனக்கும் கிடைக்காமல் போகலாம், அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அவர்கள் மேடையில் நின்றார்கள், தாங்களாகவே நின்றார்கள்.

“கிராமத்துத் திருமணத்துக்கு வந்தவள் மாதிரி” என்ற வார்த்தை எனக்குக் கோபத்தை மூட்டியது. உன் கடிதத்தில் நீ மகிழ்ச்சியாக இருப்பது ஒரே ஒரு பத்தியில்தான். சிவப்புப் பராந்தா, வட்டம், கைதட்டு, தூக்கம் வராத இரவு. போட்டியைப் பற்றி எழுதிய எந்த வரியிலும் அந்த வெளிச்சம் இல்லை. போட்டியை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் அனுமதித்தால், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய் நில். ஆனால் உனக்கு மேடை பிடிக்கிறதா, தேர்ந்தெடுக்கப்படுவது பிடிக்கிறதா என்று யோசித்துப் பார். மேடைதான் பிடிக்கும் என்றால் உனக்கு வேறு மேடைகளும் இருக்கின்றன. இந்த ஆறு வாரத்தில் உன் வாழ்க்கை முடிந்துவிடாது.

பீஜிக்கு வருவோம். அவர் திட்டவில்லை. “என்னை மோசம் செய்துவிட்டாய்” என்று சொல்லவில்லை. “உன் புருவம் என்ன தப்பு செய்தது?” என்று கேட்டார். அதை நீ தண்டனையாக எடுத்துக்கொண்டாய். எனக்கு அது உண்மையாகவே ஒரு கேள்வியாகக் கேட்கிறது, உன் முகத்தில் என்ன குறை கண்டாய், யார் சொல்லிக் கண்டாய் என்று. இரண்டு மாதமாக அதற்குப் பதில் வரவில்லை. அவர் பேசாமல் இருக்கிறார் என்கிறாய். பதிலுக்காகக் காத்திருக்கிறாரோ என்று எனக்குப் படுகிறது. ஹர்னாஸ் வென்ற அன்று இரண்டு லட்டு வாங்கிக்கொண்டவர் அவர். போட்டி என்றாலே பகை என்று நினைக்கிறவராகத் தெரியவில்லை.

அப்பாவின் “பீஜியிடம் சொல்லாதே” என்ற ஏற்பாட்டிலிருந்து வெளியே வா. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மகளின் ஆசைக்கும் தாயின் மனதுக்கும் நடுவில் நின்று திண்டாடுகிறார். ஆனால் அவருடைய திண்டாட்டத்தை இப்போது நீ துப்பட்டாவுக்கு அடியில் மறைத்துக்கொண்டு திரிகிறாய். “இந்த வாரம் நானே பீஜியிடம் சொல்லப் போகிறேன், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்” என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. அம்மாவையும் உட்காரச் சொல். அவரிடம் யாரும் எதுவும் கேட்பதே இல்லையோ என்னவோ.

மருத்துவரைப் பார்த்த பிறகு லூதியானாவுக்குப் போ. துப்பட்டாவைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொள். கங்காவை எடுத்துக்கொண்டு பீஜியின் காலடியில், எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார். வாரிவிடச் சொல். முடி கையோடு வரும்போது அவர் கை நின்றுவிடும். அப்போது எல்லாவற்றையும் சொல். போட்டி, புருவம், வெள்ளரிக்காய், நின்றுபோன மாதவிடாய், தோள்வரை வெட்டச் சொன்னது, எதையும் விடாதே. அவர் கோபப்பட்டாலும், சில நாட்கள் மீண்டும் பேசாமல் போனாலும், உன்னைப் பற்றிய உண்மை தெரிந்து பேசாமல் இருக்கட்டும்.

அன்று அங்கே ரொட்டி சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். மருத்துவர் என்ன சொன்னார், பீஜி என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் ஆலோசகர்