எச்.பி.வி. ஆண்களையும் விட்டுவைப்பதில்லை: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் மனைவிக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்ததில் எச்.பி.வி. 16 இருப்பதாக வந்திருக்கிறது. திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இருவரில் யாரோ ஒருவர் தவறியிருக்கிறோம் என்றுதானே அர்த்தம்? நானும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: அப்படி முடிவுகட்டிவிடாதீர்கள். எச்.பி.வி. எனப்படும் மனித பாப்பிலோமா வைரஸ் உடலுக்குள் எப்போது நுழைந்தது என்று சொல்லும் பரிசோதனை எதுவும் கிடையாது. ஆண்டுக்கணக்கில் அறிகுறியே இல்லாமல், பரிசோதனைக்கும் சிக்காத அளவில் அடங்கிக் கிடந்துவிட்டு, பிறகு ஒருநாள் அறிக்கையில் தலைகாட்டலாம். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதையும் அந்த அறிக்கை சொல்லாது. இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சண்டை போட்டுப் பிரியும் தம்பதிகளைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது. வாழ்நாளில் ஒரே ஒருவருடன் மட்டும் உறவு வைத்திருந்தவருக்கும் இது வரும். 15 வயதைக் கடந்த ஆண்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு ஏதோ ஒரு வகை எச்.பி.வி.யும், ஐவரில் ஒருவருக்குப் புற்றுநோய் அபாயமுள்ள வகையும் பாலுறுப்பில் இருப்பதாக 2023-ல் வெளிவந்த உலகளாவிய ஆய்வு மதிப்பிட்டது. அவ்வளவு சாதாரணமான தொற்று இது.

அறிகுறி இல்லாத ஆணுக்கு எச்.பி.வி. இருக்கிறதா என்று பார்க்க, அங்கீகரிக்கப்பட்ட வழக்கமான பரிசோதனை இல்லை. 'இருக்கிறது' என்று தெரிந்தாலும் வைரஸை அழிக்கக் கொடுப்பதற்கு மருந்தும் இல்லை. எனவே அதற்காகச் செலவழிக்காதீர்கள். ஆணுறுப்பு, விரைப்பை, ஆசனவாய்ப் பகுதியில் கட்டியோ, ஆறாத புண்ணோ, நிறம் மாறிய திட்டோ தெரிந்தால் மட்டும் தோல் அல்லது சிறுநீர்ப்பாதை மருத்துவரிடம் காட்டுங்கள். இப்போது கவனம் முழுதும் உங்கள் மனைவியின் அடுத்தகட்டப் பரிசோதனையில் இருக்கட்டும். 16-ஆம் வகை புற்றுநோய் அபாயமுள்ளது என்பதால், கர்ப்பப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கச் சொல்வார்கள். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: எப்படிப்பட்ட ஆண்களுக்கு இந்தத் தொற்று வரும் அபாயம் அதிகம்?

பதில்: இதை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதுதான் சரி. வைரஸ் உள்ளே வருவதற்கான காரணங்கள் ஒரு வகை. வந்த வைரஸ் போகாமல் தங்கிவிடுவதற்கான காரணங்கள் இன்னொரு வகை. புற்றுநோயில் கொண்டுபோய் விடுவது இரண்டாவதுதான். ஆனால் பலரும் முதலாவதைப் பற்றி மட்டுமே பயப்படுகிறார்கள்.

வருவதற்கான காரணங்களில் முதலிடம் துணைகளின் எண்ணிக்கைக்கு. வாழ்நாளில் மொத்தம் எத்தனை பேர் என்பதும், அண்மை மாதங்களில் புதிதாக எத்தனை பேர் என்பதும் தனித்தனியே கணக்கில் வரும். உங்கள் துணைக்கு முன்பு எத்தனை துணைகள் இருந்தார்கள் என்பதும் சேரும். அடுத்தது முன்தோல். அதன் உட்புறம் மெல்லியது, எளிதில் நுண்ணிய கீறல் விழும். அந்தக் கீறல் வழியாகத்தான் வைரஸ் தோலின் அடியடுக்குச் செல்களை அடைகிறது. உகாண்டாவில் நடந்த சோதனையில், 24 மாதங்களுக்குப் பின் அபாய வகைத் தொற்று, முன்தோல் நீக்கியவர்களில் 18.0 சதவீதமாகவும் நீக்காதவர்களில் 27.9 சதவீதமாகவும் இருந்தது. குறைகிறது, ஆனால் மறைந்துவிடவில்லை. இதற்காக மட்டும் எல்லோரும் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். முன்தோல் பின்னால் நகராத அளவுக்கு இறுகியிருப்பவர் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த இறுக்கம் தனியாகவே ஆணுறுப்புப் புற்றுநோய்க்கு அபாயக் காரணி.

இனி தங்குவதற்கான காரணங்கள். பிரேசில், மெக்சிகோ, அமெரிக்காவில் 18 முதல் 70 வயது வரையிலான ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், தொற்று நீங்க எடுத்துக்கொண்ட காலத்தின் இடைநிலை 7.5 மாதம்; பாதித் தொற்றுகள் அதற்குள் நீங்கிவிட்டன. எச்.பி.வி. 16-க்கு மட்டும் 12.2 மாதம். அதாவது பெரும்பாலானோரின் உடல் தானாகவே வைரஸை வெளியேற்றிவிடுகிறது. இதற்குக் குறுக்கே நிற்பவை முக்கியமாக இரண்டு: புகைப்பழக்கம், குறைந்த நோயெதிர்ப்புச் சக்தி. எச்.ஐ.வி. உள்ளவர்களும், உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் இரண்டாவதில் அடங்குவர்.

வயது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல நாடுகளில் பெண்களிடம் இளவயதில் உச்சத்தில் இருக்கும் இந்தத் தொற்று பிறகு குறைகிறது. ஆண்களிடம் அந்த இறக்கம் பெரிதாக இல்லை. ஆண் உடல் இயற்கைத் தொற்றுக்கு எதிராக உருவாக்கும் எதிர்ப்பொருள் குறைவு என்பதால், ஒருமுறை வந்துபோன அதே வகை மீண்டும் வர வாய்ப்புண்டு. ஐம்பது வயதாகிவிட்டது, இனி நமக்கில்லை என்று யாரும் நினைக்க முடியாது.

கேள்வி: ஆணுறை அணிந்தால் முழுப் பாதுகாப்பு உண்டா?

பதில்: முழுப் பாதுகாப்பு இல்லை. நல்ல பாதுகாப்பு உண்டு. ஒவ்வொரு முறையும் துணைவர் ஆணுறை அணிந்த இளம்பெண்களுக்குத் தொற்று 70 சதவீதம் குறைந்ததாக 2006-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஆணுறை மூடாத அடிப்பகுதி, விரைப்பை, தொடையிடுக்கு ஆகியவை உரசுவதால் மிச்ச அபாயம் இருக்கிறது. பாதியில் எடுத்து அணிவதுதான் பலர் செய்யும் தவறு. தோலோடு தோல் படுவதற்கு முன்பே அணிய வேண்டும். கை சுத்திகரிக்கும் ஆல்கஹால் திரவத்தால் துடைத்துக்கொள்வதில் பயனில்லை. இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. ஆல்கஹால் இதை எளிதில் அழிக்காது.

கேள்வி: ஆணுறுப்பு மொட்டின் விளிம்பைச் சுற்றி வரிசையாகச் சிறு பருக்கள் இருக்கின்றன. கால் ஆணிக்குப் போடும் திரவத்தைத் தடவலாமா?

பதில்: தயவுசெய்து தடவாதீர்கள். அந்தத் திரவம் தடித்த பாதத் தோலுக்கானது. அங்கே போட்டால் வெந்து புண்ணாகிவிடும். நீங்கள் சொல்வது போல ஒரே அளவில், விளிம்பைச் சுற்றி வரிசை பிடித்தபடி, ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருந்தால் அவை பெரும்பாலும் முத்துப்போன்ற இயல்பான பருக்கள். தொற்று அல்ல, பரவாது, சிகிச்சையும் வேண்டாம். எச்.பி.வி.யால் வரும் மரு என்றால் அளவு ஒன்றுபோல் இராது. சொரசொரப்பாக, பூக்கோசு போல, எங்கு வேண்டுமானாலும் முளைக்கும், வாரக்கணக்கில் பெருகும். பத்தில் ஒன்பது மருக்களுக்குக் காரணம் 6, 11 ஆகிய வகைகள். அவை புற்றுநோய்க்கு இட்டுச்செல்வது மிக அரிது. ஒருமுறை மருத்துவர் கண்ணால் பார்த்து உறுதி செய்துவிடட்டும்.

மருவாகவே இருந்தால் திரவ நைட்ரஜனால் உறையவைப்பார்கள், அல்லது வீட்டில் பூச மருந்து தருவார்கள். 0.5 சதவீதப் போடோபிலோடாக்ஸின் என்றால் நாளைக்கு இருவேளை, மூன்று நாள் பூசி நான்கு நாள் விட வேண்டும். இப்படி அதிகபட்சம் நான்கு சுற்று. 5 சதவீத இமிக்விமோட் களிம்பு என்றால் வாரம் மூன்று இரவு பூசி, 6 முதல் 10 மணி நேரத்தில் கழுவ வேண்டும். 16 வாரம் வரை போகலாம். இந்தக் களிம்பு ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கும். களிம்பு தோலில் இருக்கும்போது உறவைத் தவிர்த்துவிடுங்கள். மரு இருக்கும்வரை அந்த இடத்தில் சவரமும் வேண்டாம். கத்தி போகும் வழியெல்லாம் புதிய மரு முளைக்கலாம். முதல் மூன்று மாதங்களில் திரும்ப வருவது சகஜம்; சிகிச்சை தோற்றுவிட்டதாக எண்ணி நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு 24 வயது. உறவு அனுபவம் உண்டு. இனி எச்.பி.வி. தடுப்பூசி போட்டுப் பயன் உண்டா?

பதில்: உண்டு. முன்பு போட்டிருந்தால் கிடைக்கும் அளவுக்கு இராது. 16 முதல் 26 வயது ஆண்களிடம் நடந்த சோதனையில், அந்தத் தடுப்பூசி தடுக்கும் 6, 11, 16, 18 ஆகிய வகைகளின் தொற்று ஏற்கெனவே இல்லாமல் எல்லாத் தவணையும் போட்டுக்கொண்டவர்களுக்கு, அவற்றால் வரும் பாலுறுப்பு மரு போன்ற புறப்பாதிப்புகள் 90.4 சதவீதம் குறைந்தன. தொற்று இருந்தவர்களையும் சேர்த்து எல்லோரையும் கணக்கிட்டபோது அது 65.5 சதவீதம். ஏற்கெனவே வந்த வகையை ஊசி விரட்டாது; வராத வகைகளைத் தடுக்கும். உங்கள் வயதில் மூன்று தவணை: முதல் நாள், இரண்டாம் மாதம், ஆறாம் மாதம். 15 வயதுக்கு முன் தொடங்கும் பையன்களுக்கு வழக்கமாக 6 முதல் 12 மாத இடைவெளியில் இரண்டு தவணை போதும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு எந்த வயதிலும் மூன்று. ஊசி போட்டதும் 15 நிமிடம் உட்கார்ந்திருங்கள். சிலருக்கு மயக்கம் வரும்.

கேள்வி: நான் ஆண்களோடு உறவுகொள்பவன். எச்.ஐ.வி.க்கு மருந்து எடுக்கிறேன். தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: ஆமாம். உங்கள் நிலையில் ஆசனவாய்ப் புற்றுநோய் அபாயம் மற்ற ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். 35 வயதிலிருந்து ஆசனவாய்ச் செல் பரிசோதனையோ எச்.பி.வி. பரிசோதனையோ செய்துகொள்ளுமாறு 2024-ல் சர்வதேச வழிகாட்டுதல் வந்திருக்கிறது. எச்.ஐ.வி. இல்லாத, ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கு அது 45 வயது. புற்றுநோய்க்கு முந்தைய முற்றிய செல் மாற்றங்களைக் கண்டு அகற்றினால் புற்றுநோயாக மாறுவது 57 சதவீதம் குறைகிறது என்று 2022-ல் நிரூபிக்கப்பட்டது. எச்.ஐ.வி. மருந்தை ஒருநாளும் விடாதீர்கள். மூலம் என்று நினைத்து, ரத்தக் கசிவையும் வலியையும் மாதக்கணக்கில் களிம்பு பூசி ஓட்டாதீர்கள். உங்கள் உறவுமுறையை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். தெரிந்தால்தான் சரியான இடத்தில் பார்ப்பார். முகம் சுளிப்பவராக இருந்தால் வேறொருவரிடம் போங்கள்.

கேள்வி: வாய்வழி உறவால் தொண்டைப் புற்றுநோய் வருமா?

பதில்: வரலாம், அரிதாக. நாக்கின் அடிப்பகுதியிலும் டான்சிலிலும் எச்.பி.வி. 16 தங்கி, தொற்று ஏற்பட்டுப் பத்தாண்டுகளுக்கு மேல் கழித்துப் புற்றாகலாம். பெண்களைவிட ஆண்களுக்கே இது அதிகம். புகைப்பவர்களிடம் வாய்த் தொற்றும் கூடுதல். முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனை இதற்கு இல்லை. பலருக்கு முதலில் தெரிவது கழுத்தில் வலியில்லாத ஒரு கட்டி. மூன்று வாரம் கடந்தும் கரையாத கட்டி, ஒரு பக்கம் மட்டும் பெருத்த டான்சில், விழுங்கும்போது வலி, ஒரு காதில் மட்டும் காரணமில்லாத வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். இரண்டாவது முறையும் ஆன்டிபயாடிக் மட்டும் எழுதிக் கொடுத்தால், ஊசியால் திசு எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.