சாவி கைக்கு வராமல் காசு அனுப்பாதீர்கள்: வெளிநாட்டுப் படிப்பும் வாடகை வீடும் – கேள்வி பதில்

நான் அம்மாபேட்டை நெசவாளர் வீட்டுப் பெண். 2016-ல் ஜெர்மனிக்குப் போய் கெம்னிட்ஸில் முதுகலை படித்தேன், அங்கேயே வேலை பார்த்துவிட்டு 2022-ல் சேலம் திரும்பினேன். அக்டோபர் செமஸ்டருக்குக் கிளம்பும் பிள்ளைகளும் பெற்றோரும் வீட்டைப் பற்றியே கேட்கிறார்கள், அதனால் வந்த கேள்விகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து எழுதுகிறேன். ஜெர்மனி நான் வாழ்ந்து பார்த்த நாடு, அதற்கு விரிவாக இருக்கும். மற்ற நாடுகளுக்குச் சுருக்கமாகத்தான்.

கேள்வி (அஸ்தம்பட்டி): அக்கா, மியூனிக், கெம்னிட்ஸ் இரண்டிலும் அட்மிஷன் வந்திருக்கிறது. எல்லோரும் மியூனிக் என்கிறார்கள். வாடகையில் அவ்வளவு வித்தியாசமா?

பதில்: பாதிக்கும் மேலே வித்தியாசம் தம்பி. மியூனிக்கில் நாலு பேர் பங்கு போடும் வீட்டில் ஒரு அறைக்கு 700, 800 யூரோ கேட்பது சாதாரணம். கெம்னிட்ஸில் அதே மாதிரி அறை 300 யூரோ பக்கம் கிடைக்கும். நீ விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் (மொத்தமாக எடுக்க முடியாத வங்கிக் கணக்கு) போடுகிற 11,904 யூரோ, மாதம் 992-ஆகத்தான் உன் கைக்கு வரும். அதில் 750 வாடகைக்குப் போனால் மிச்சம் 242. மருத்துவ இன்சூரன்ஸுக்கு 140-க்கு மேல் கட்டிவிட்டுப் பார், சாப்பாட்டுக்கு என்ன இருக்கும்?

கெம்னிட்ஸ் மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பழைய கிழக்கு ஜெர்மனி ஊர் அது, 1990 வரை கார்ல் மார்க்ஸ் நகரம் என்றுதான் பெயர். நாடு ஒன்றானதும் ஆலைகள் மூடின, ஜனங்கள் வேலை தேடி மேற்கே போனார்கள், வீடுகள் காலியாக நின்றன. அதற்கு முன்னால் நெசவுக்கும் நெசவு இயந்திரத்துக்கும் பேர்போன ஊர். முதல் நாள் அந்தச் செங்கல் ஆலைக் கட்டடங்களைப் பார்த்தபோது எனக்கு எங்கள் தெருதான் ஞாபகம் வந்தது. மாக்டபுர்க், ஹாலே, கோட்புஸ், இல்மெனாவ் எல்லாம் இதே மாதிரி வாடகை குறைந்த ஊர்கள். கோர்ஸ் பட்டியல் போடும்போதே பக்கத்தில் அந்த ஊர் வாடகையையும் எழுதி வையுங்கள். அட்மிஷன் வாங்கிய பிறகு மலிவு வீடு தேடுவது பாதி தாமதம்.

கேள்வி (ஆத்தூர்): ஹாஸ்டலை யூனிவர்சிட்டியே தராதா?

பதில்: தராது. நம் ஊர்ப் பழக்கத்தில் எல்லோரும் பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டுக் காத்திருக்கிறார்கள். அங்கே மாணவர் விடுதிகளை நடத்துவது ஸ்டுடீரெண்டன்வெர்க் என்கிற தனி அமைப்பு. நாடு முழுக்க 57 இருக்கின்றன, உன் ஊர் எதில் வருகிறதோ அதில் நீயே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பெரிய ஊர்களில் காத்திருப்புப் பட்டியல் செமஸ்டர் கணக்கில் நீளும். சில இடங்களில் அட்மிஷன் கடிதம் வரும் முன்பே பதிந்து வைக்கலாம், அப்படி இருந்தால் இன்றைக்கே பதிந்துவிடு. இடம் இல்லை என்று பதில் வந்தாலும் பட்டியலிலிருந்து பெயரை எடுக்காதே.

கேள்வி (தாரமங்கலம்): ஆன்லைனில் ஒரு ஃபிளாட் பார்த்தேன் அக்கா. 350 யூரோ, ஊர் நடுவில், படங்கள் அருமையாக இருக்கின்றன. ஓனர் வேலையாக ஸ்பெயினில் இருக்கிறாராம், டெபாசிட் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்கிறார். அனுப்பட்டுமா?

பதில்: ஒரு யூரோகூட அனுப்பாதே. இதே கதைக்குத்தான் நான் 650 யூரோ கொடுத்தேன். அன்றைய மதிப்பில் நாற்பத்தெட்டாயிரம் ரூபாய், அப்பா தறியில் அடுத்த பாவு போட வைத்திருந்த பணம். அந்த ஆள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அனுப்பினான், பாஸ்போர்ட் நகல் அனுப்பினான், "என் மகளும் உன் வயதுதான்" என்று எழுதினான். அக்டோபர் மழையில் இரண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு அந்த முகவரிக்குப் போனேன். கட்டடம் இருந்தது. வாசலில் காலிங் பெல் பலகையில் பத்துப் பெயர்கள் வரிசையாக இருந்தன. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று நாலு தடவை படித்தேன். அவன் பெயர் இல்லை. அதன் பிறகு ஒரு மாதம் இளைஞர் விடுதியில் எட்டுப் படுக்கை போட்ட அறையில் இருந்துகொண்டுதான் வகுப்புக்குப் போனேன். போலீஸில் புகார் கொடுத்தேன், பணம் வரவில்லை.

இப்படிப்பட்ட ஆட்கள் பேசுவதெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஓனர் வெளிநாட்டில், வீட்டை இப்போது காட்ட முடியாது, இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள், இன்றே அனுப்பு. வீடியோ காலில் வீட்டைக் காட்டச் சொல், ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டச் சொல். மறுத்தால் அதோடு விட்டுவிடு. அந்த ஊரில் ஏற்கெனவே படிக்கிற நம் பிள்ளை ஒருவரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்வது இன்னும் நல்லது. சாவி கைக்கு வராமல் காசு அனுப்பாதே.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, ஒரு மாணவியின் தந்தை): அம்மா, நான் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மகளுக்கு ஒரு வருட வாடகையை மொத்தமாக முன்பணமாகக் கொடுத்தால் வீட்டுக்காரர் குறைத்துத் தருவார் என்று ஏஜென்ட் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. மகள் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைக்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் நம் ஊர் அட்வான்ஸ் கணக்கு அங்கே கிடையாது. டெபாசிட்டாக அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகைதான் கேட்க முடியும், சட்டமே அப்படி. அதையும் மூன்று தவணையாகக் கட்ட வாடகைக்கு வருபவருக்கு உரிமை உண்டு. ஒரு வருடப் பணத்தைக் கொடுத்துவிட்டு, வீடு சரியில்லை என்று இரண்டாம் மாதம் மகள் போன் செய்தால் அந்தப் பணத்தை எப்படித் திரும்ப வாங்குவீர்கள்? அந்த ஏஜென்ட்டுக்கு இதில் என்ன கமிஷன் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். முதல் மாத வாடகையும் டெபாசிட்டின் முதல் தவணையும் மகள் கையில் இருந்தால் போதும். அதையும் சாவி வாங்குகிற அன்று கொடுக்கட்டும்.

கேள்வி (சங்ககிரி): விளம்பரத்தில் கோல்டு வாடகை, வார்ம் வாடகை என்று இரண்டு போட்டிருக்கிறது. எதைக் கட்ட வேண்டும்?

பதில்: வார்ம். ஹீட்டர், தண்ணீர், குப்பைக் கட்டணம் சேர்ந்தது அது. கரண்டும் இன்டர்நெட்டும் அதில் சேர்த்தியா என்று தனியாகக் கேள். வீட்டுக்கு ஒன்று என்று மாதம் 18.36 யூரோ டிவி-ரேடியோ கட்டணமும் உண்டு, டிவி இல்லாவிட்டாலும் கட்டியாக வேண்டும், வீட்டில் இருப்பவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி (ஏற்காடு): அக்கா, வாடகை ரொம்பக் குறைவாக ஒரு பேஸ்மென்ட் அறை. சுவரில் கறுப்பாகப் புள்ளி தெரிகிறது. பரவாயில்லையா?

பதில்: மழைக்காலத்தில் ஏற்காட்டில் பீரோ துணியெல்லாம் எப்படி நாறும் என்று உனக்குத் தெரியும். அதே பூஞ்சைதான் இது, ஆனால் அங்கே ஆறு மாதம் ஜன்னல் மூடிக் கிடக்கும். இருமல் விடாது, எடுக்காதே. நல்ல அறையிலும் இது வரும். நாம் சோறு வடித்து, சாம்பார் கொதிக்கவிட்டு, ஈரத்துணியையும் அறைக்குள்ளேயே காயப்போடுகிறோம் அல்லவா. பனி கொட்டினாலும் தினம் இரண்டு மூன்று தடவை ஜன்னலை முழுசாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்று விட வேண்டும். பாதி திறந்து நாள் முழுக்க வைப்பதால் சுவர் குளிர்ந்து இன்னும் கெடும்.

அப்புறம், நீ வீட்டு வேலைக்கு அஞ்சாத பெண் என்றால், முதியவர்கள் வீட்டில் அறை வாங்கிக்கொண்டு வாடகைக்குப் பதிலாக உதவி செய்கிற திட்டம் பல ஊர்களில் இருக்கிறது. பொதுவாக ஒரு சதுர மீட்டருக்கு மாதம் ஒரு மணி நேரம் வேலை: கடைக்குப் போவது, தோட்டம், பேச்சுத் துணை. தண்ணீர், கரண்டு செலவு மட்டும் நாம் கொடுக்க வேண்டும். என் தோழி ஒருத்தி இப்படி ஒரு பாட்டி வீட்டில் இருந்தாள், ஒரே வருடத்தில் எங்கள் எல்லோரையும் விட நன்றாக ஜெர்மன் பேசினாள்.

கேள்வி (மேச்சேரி): மியூனிக்கில் 300 யூரோவுக்கு ரூம் கிடைக்குமா?

பதில்: மாணவர் விடுதியில் இடம் வந்தால் அந்த விலையை ஒட்டிக் கிடைக்கலாம். வெளியே கிடைக்காது.

கேள்வி (ஓமலூர்): பெர்லினில் ஒரு அறையில் நாலு பேர், ஆளுக்கு 200 யூரோ. ஆனால் அந்த முகவரியில் பதிய முடியாது என்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. குடிபோன இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று தேவை. பதிந்தால்தான் வரி எண் தபாலில் வரும். வரி எண் இல்லாமல் பார்ட் டைம் வேலைக்குப் போனால் ஆறாம் பிரிவு என்று வைத்து அதிகமாக வரி பிடிப்பார்கள். விசா நீட்டிக்கப் போகும்போதும் பதிவுச் சான்று கேட்பார்கள். 200 யூரோ என்பது மெத்தைக்கு மட்டும் கொடுக்கிற விலை.

மறுமொழி (சூரமங்கலம், இப்போது மியூனிக்கில்): அக்கா, நான் முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருந்தேன். நண்பன் முகவரியில் பதிந்தேன், ஹாலில் மெத்தை போட்டுப் படுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. கடன் வாங்கி வந்தவனுக்கு வேறு வழி என்ன? நீங்கள் மலிவு ஊரில் படித்தவர்.

பதில்: நானும் கடன் வாங்கிப் போனவள்தான் தம்பி. உன் கஷ்டம் பொய் இல்லை. ஆனால் உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை நம்பி இன்னொரு பிள்ளை இறங்கக் கூடாது. நண்பன் வீட்டில் நிஜமாகவே தங்கி, வீட்டு உரிமையாளர் சம்மதத்தோடு பதிந்தால் தப்பே இல்லை. தங்காத வீட்டில் தங்குவதாகக் காட்டினால் உனக்கு ஆயிரம் யூரோ வரை அபராதம் வரலாம். முகவரி கொடுத்த உன் நண்பனுக்கு 50,000 யூரோ வரை போகலாம். உதவி செய்தவனை அந்த நிலையில் நிறுத்தலாமா?

மறுமொழி (கொண்டலாம்பட்டி, இப்போது பெர்லினில்): அக்கா சொல்வதுதான் சரி. நானும் வேறொருவர் முகவரியில் பதிந்திருந்தேன். வெளிநாட்டவர் அலுவலகக் கடிதம் அந்த முகவரிக்குப் போய், மூன்று வாரம் கழித்துத்தான் கைக்கு வந்தது. அப்பாயின்ட்மென்ட் தேதி போயே போய்விட்டது.

மறுமொழி (சூரமங்கலம்): சரி, ஆனால் 800 யூரோ அறைக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை.

பதில்: சொல்கிறேன். பிப்ரவரி-மார்ச், ஆகஸ்ட்-செப்டம்பர் விடுமுறையில் பல மாணவர்கள் தங்கள் அறையைச் சாமானோடு ஒன்றிரண்டு மாதத்துக்கு விட்டுவிட்டுப் போவார்கள், அந்த உள்வாடகையில் வீட்டுக்காரர் சம்மதம் இருந்தால் முகவரியும் பதியலாம். முதலில் அதில் போய் இறங்கு. அங்கே இருந்துகொண்டே நேரில் வீடு பார். ரயிலில் நாற்பது நிமிடத் தூரத்து ஊர்களையும் சேர்த்துத் தேடு, வாடகை சட்டென்று இறங்கும். பெரிய ஊரில் பார்ட் டைம் வேலை அதிகம் என்ற வாதம் சரிதான், ஆனால் நமக்கு வருடத்துக்கு 140 முழு நாள் என்று வரம்பு இருக்கிறது. கூடக் கிடைக்கும் சம்பளம் அத்தனையும் அந்தக் கூடுதல் வாடகைக்கே போனால் படிக்க வந்தவன் எப்போது படிப்பான்? இந்த விஷயத்தில் இன்னும் நிறைய பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் என் பதில் இதுதான், முகவரி தராத இடத்துக்குப் போகாதீர்கள்.

கேள்வி (ராசிபுரம்): இங்கிலாந்து போகிறேன். டெபாசிட் எவ்வளவு?

பதில்: இங்கிலாந்தில் சாதாரண மாணவர் வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. அதை 30 நாளில் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட்டிருக்க வேண்டும், அந்த ரசீதைக் கேட்டு வாங்கு. வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர் என்றால் கவுன்சில் வரி (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) கிடையாது.

கேள்வி (எடப்பாடி): கனடா, ஒன்டாரியோ. டேமேஜ் டெபாசிட் கேட்கிறார்கள்.

பதில்: ஒன்டாரியோவில் அது சட்டப்படி செல்லாது. கடைசி மாத வாடகையை மட்டும் முன்கூட்டி வாங்கலாம்.

கேள்வி (வாழப்பாடி): அமெரிக்காவில் நாலு பேர் சேர்ந்து லீஸ் போடலாமா?

பதில்: கூட்டு லீஸ் (சேர்ந்து போடும் வாடகை ஒப்பந்தம்) என்றால் ஒருவர் ஓடிப்போனாலும் அவர் பங்கை மற்றவர்கள் கட்ட வேண்டிவரும். மற்றதை உன் கல்லூரியின் இந்திய மாணவர் சங்கத்தில் கேள்.

கேள்வி (அஸ்தம்பட்டி, மெய்யனூர், ஜாகீர் அம்மாபாளையம்): மியூனிக்கில் மலிவாக ரூம்…

பதில்: மேலே மூன்று இடத்தில் எழுதிவிட்டேன் பிள்ளைகளே. முதல் பதிலையும் சூரமங்கலம் தம்பிக்குச் சொன்ன பதிலையும் பொறுமையாகப் படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (ஐந்து ரோடு): ரூமைப் பார்க்காமலே புக் செய்ய பாதிப் பணம் மட்டும் கேட்கிறார்கள் அக்கா, பாதிதானே?

பதில்: பாதியும் வேண்டாம். சாவி கைக்கு வராமல் காசு அனுப்பாதே.

கேள்வி (ஃபேர்லேண்ட்ஸ்): அறை உறுதியாகிவிட்டது அக்கா! நேரில் என் சீனியர் போய்ப் பார்த்துவிட்டார். சாவி வாங்கியதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ரொம்ப சந்தோஷம் கண்ணு. பெட்டியைத் திறக்கும் முன்பே சுவர், தரை, அடுப்பு, ஜன்னல் எல்லாவற்றையும் போட்டோ எடு. கீறல், கறை எதுவானாலும் ஒப்படைப்புத் தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கு, இல்லாவிட்டால் டெபாசிட்டில் கழிப்பார்கள். கரண்ட் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்.

அப்புறம் கீழே இறங்கி வந்து தபால் பெட்டியிலும் பெல் பலகையிலும் உன் பெயரை ஒட்டு. அங்கே பெரும்பாலான கட்டடங்களுக்குள் வீட்டுக்கு வீடு தனி எண் கிடையாது, தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் வங்கிக் கார்டு, வரி எண், இன்சூரன்ஸ் எல்லாமே திரும்பிப் போய்விடும். நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருப்பதால் பல கடிதங்கள் அவர் பெயருக்கே வரும். உன் பெயரை மட்டும் ஒட்டினால் தபால்காரருக்குத் தெரியாது. பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்தில், அப்பா பெயரையும் சேர்த்து ஒட்டு.