எது அதிர்கிறது? இசைக்கருவி வகைகள்: கேள்வி பதில்

கேள்வி: உலக இசைக்கருவிகளை எப்படிப் பிரிக்கிறார்கள்? நம் தோல், துளை, நரம்பு, கஞ்சம் போலத்தானா?

பதில்: கிட்டத்தட்ட அதேதான், அது தற்செயலும் இல்லை. நாட்டிய சாஸ்திரத்தில் தத (நரம்பு), சுஷிர (துளை), அவனத்த (தோல்), கன (கஞ்சம்) என்று நான்கு பிரிவு. 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவின் இசை அறிஞர் சௌரீந்திர மோகன் தாகூர் அனுப்பிய இந்தியக் கருவிகள் பிரஸ்ஸல்ஸ் காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே பொறுப்பில் இருந்த மகியோன் தன் பட்டியலையும் நான்காகவே பிரித்தார். அதை விரித்து 1914இல் இசை ஆய்வாளர்களான ஹார்ன்போஸ்டலும் சாக்ஸும் நூலகப் புத்தகத்துக்குப் போடுவது போல எண் போட்டார்கள். தானே அதிர்பவை 1, தோல் 2, கம்பி 3, காற்று 4. கேட்க வேண்டியது ஒன்றுதான்: முதலில் அதிர்வது எது? எதனால் செய்தது, எப்படி வாசிப்பது என்பதெல்லாம் பிறகு.

கேள்வி: கடம் எதில் சேரும்? தோலும் இல்லை, வெண்கலமும் இல்லையே.

பதில்: பானையே அதிர்கிறது, ஆகவே 1. 'கஞ்சம்' என்பது உலோகத்தின் பெயர் என்பதால்தான் நமக்கு இந்தக் குழப்பம்.

கேள்வி: பியானோவைச் சுத்தியல் அடிக்கிறதே, அப்படியானால் தாளக்கருவிதானே?

பதில்: அடிப்பது சுத்தியல், அதிர்வது கம்பி. 3.

கேள்வி: சாக்ஸபோன் பித்தளை. நாகஸ்வரம் மரம். இரண்டும் எப்படி ஒரே வகை?

பதில்: உடம்பைப் பார்க்காதீர்கள், வாய் வைக்கும் இடத்தைப் பாருங்கள். நாகஸ்வரத்தில் சீவாளி: இரண்டு தகடுகள் உதட்டுக்கு நடுவே துடிக்கின்றன. சாக்ஸபோனில் ஒற்றைத் தகடு. இரண்டுமே 4. வெள்ளியில் செய்தாலும் புல்லாங்குழல் புல்லாங்குழல்தான்.

கேள்வி: மோர்சிங் வாயில் வைத்து வாசிப்பது. துளைக்கருவிதானே?

பதில்: பட்டியலில் அது 1, மீட்டி ஒலிப்பது. சட்டத்தைப் பல்லில் வைத்து, நடுவில் இருக்கும் உலோக நாக்கை விரலால் சுண்டுகிறோம். வாய் வெறும் குடம் மாதிரி. வாயை விட்டு விலக்கிச் சுண்டிப் பாருங்கள், 'டிக்' என்று மெலிதாக வரும்.

கேள்வி: ஒத்துக்கொள்ள மாட்டேன். மூச்சை இழுத்தால் சத்தம் பெருகுகிறது. காற்றுக்குப் பங்கே இல்லையா?

பதில்: நல்ல வாதம். காற்றுக்கருவி என்றே வாதிட்ட ஆய்வாளர்களும் உண்டு. ஆனாலும் தொடங்கி வைப்பது விரல்.

கேள்வி: ஹார்மோனியம்?

பதில்: 4. உள்ளே இருக்கும் உலோக நாக்குகளைக் காற்று அதிரவைக்கிறது. 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலியில் அதற்கு இருந்த தடையைப் பற்றி யாரும் தொடங்காதீர்கள், பொழுது போய்விடும்.

கேள்வி: எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டி?

பதில்: சாக்ஸ் 1940இல் ஐந்தாவதாக மின் கருவிகளைச் சேர்த்தார். அங்கே.

கேள்வி: உலகின் முதல் கருவி எது?

பதில்: 'முதல்' தெரியாது. ஜெர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில் கிடைத்த கழுகெலும்புக் குழல் சுமார் 40,000 ஆண்டுப் பழசு.

கேள்வி: உடுக்கை?

பதில்: தோல்.

கேள்வி: ஜால்ரா?

பதில்: கடத்துக்குச் சொன்னேனே! எது அதிர்கிறது?

கேள்வி: மோர்சிங் பற்றி மறுபடியும். மூச்சை அடக்கிக்கொண்டு சுண்டினாலும் ஒலிக்கிறது, சரி. ஆனால் மூச்சு விட்டால் குரலே மாறுகிறது.

பதில்: மாறும். சரி, விரலால் தொடாமல் வெறும் மூச்சில் ஒலிக்க வைத்துவிட்டு வாருங்கள், 4க்கு மாற்றிக்கொள்வோம். பல்லைச் சற்றுத் திறந்தே வையுங்கள். உலோக நாக்கு பட்டால் பல் சில்லு பெயரும்.