பதில்: சட்ட நூலகத்தில் செலவைக் குறைக்கச் சொல்கிறார்கள்

வணக்கம் சகோதரி. கோலாலம்பூரில் சட்ட நூலகப் பொறுப்பேற்று மூன்றே மாதம், அதற்குள் சந்தா கட்டிப் பார்க்கும் இரண்டு இணையச் சட்டத் தரவுத்தளங்களில் ஒன்றை நிறுத்தி, பழைய அச்சுத் தொகுதிகளையும் கழிக்கச் சொல்கிறார் டீன் என்று எழுதியிருந்தீர்கள்.

உடனே தலையாட்டிவிடாதீர்கள். முதலில் பயன்பாட்டுக் கணக்கை மாதவாரியாக வாங்குங்கள். ஆண்டுச் சராசரி ஏமாற்றும். மூட் போட்டி (மாணவர்கள் வாதாடும் மாதிரி நீதிமன்றப் போட்டி), தேர்வு மாதங்களில்தான் உண்மை தெரியும். ஒரே தீர்ப்பு மலாயன் லா ஜர்னல், கரண்ட் லா ஜர்னல் என்ற இரண்டு தீர்ப்புத் தொகுப்பு இதழ்களிலும் வந்திருக்கும், ஆனால் தலைக்குறிப்பும் (தீர்ப்பின் தொடக்கச் சுருக்கம்) பக்க எண்ணும் வேறு. விரிவுரையாளர்களின் வாசிப்புப் பட்டியல் எதை மேற்கோள் காட்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

அச்சு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். சந்தா நின்றால் திரை இருண்டுவிடும், அலமாரி இருக்கும். 1932-இல் தொடங்கிய மலாயன் லா ஜர்னலின் பழைய தொகுதிகளைத் தொடவே வேண்டாம். திருத்தத்துக்கு முந்தைய சட்டப் பதிப்புகளும் அப்படியே. பழைய வழக்கை அன்றைய சட்டத்தோடுதான் படிக்க வேண்டும். ஒரே பாடநூலின் நான்கு பிரதிகளைத் தாராளமாகக் கழியுங்கள்.

மலேசியக் கூட்டரசுச் சட்டங்கள் சட்டத்துறைத் தலைவர் அலுவலகத் தளத்தில் இலவசம். விற்பனையாளரிடம் பேசும்போது, சந்தா முடிந்த பிறகும் பழைய ஆண்டுகளைப் பார்க்க முடியுமா என்பதை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பி நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.