பக்கவாதத்துக்குப் பின் பார்வையும் கவனமும்: கேள்வி பதில்

பக்கவாத மறுவாழ்வுப் பிரிவில் பணிபுரியும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு மூளையின் வலப்பாதியில் பக்கவாதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. தட்டின் வலப்பக்கத்தில் இருப்பதை மட்டும் சாப்பிட்டுவிட்டு, சாப்பாடு போதவில்லை என்கிறார். கண்ணில் குறை எதுவும் இல்லை என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். பிறகு ஏன் இப்படி?

பதில்: நீங்கள் சொல்வது பெரும்பாலும் இடப்பக்கப் புறக்கணிப்பாக இருக்கும். கண் பார்த்தாலும், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதன் மீது மூளை கவனம் வைப்பதில்லை. 1978இல் பிசியாக், லுசாத்தி என்ற இரு ஆய்வாளர்கள், இத்தகைய நோயாளிகள் இருவரிடம் மிலான் நகரின் பேராலயச் சதுக்கத்தை நினைவிலிருந்து விவரிக்கச் சொன்னார்கள். பேராலயத்தைப் பார்த்து நிற்பதாக எண்ணியபோது வலக்கைப் பக்கக் கட்டடங்களையே பெரும்பாலும் சொன்ன அவர்கள், பேராலய வாசலிலிருந்து எதிர்ப்பக்கம் பார்ப்பதாக எண்ணியதும், சற்றுமுன் விட்டுவிட்ட கட்டடங்களைச் சொன்னார்கள். அங்கே கண்ணுக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

தட்டைத் திருப்பி வைத்தால் மீதியையும் சாப்பிடுவார். ஆனால் அதையே பழக்கமாக்க வேண்டாம். தட்டின் இடது விளிம்பில் பளிச்சென்ற சிவப்பு நாடா ஒன்றை ஒட்டி, ஒவ்வொரு முறையும் அந்தச் சிவப்பைக் கண்டுபிடித்த பிறகே சாப்பிடத் தொடங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பாதிப் பார்வை இழப்பையும் (இரு கண்களிலும் ஒரே பக்கப் பாதி தெரியாமல் போவது) புறக்கணிப்பையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில்: பாதிப் பார்வை இழந்தவர் தம் குறையை விரைவில் உணர்ந்து, தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொள்வார். புறக்கணிப்பு உள்ளவருக்கு ஏதோ விடுபட்டிருக்கிறது என்ற எண்ணமே எழாது. ஒரு நீண்ட கோட்டின் நடுவைக் குறிக்கச் சொன்னால், இடப்பக்கப் புறக்கணிப்பு உள்ளவரின் குறி வலப்பக்கம் வெகுதூரம் தள்ளி விழும். இடப்பாதிப் பார்வை மட்டும் இழந்தவரின் குறியோ இடப்பக்கமாகச் சற்றே விலகும். தாள் முழுவதும் சிதறிக் கிடக்கும் குறிகளை அடிக்கச் சொல்லும் சோதனையில், எத்தனை விடுபட்டன என்பதோடு எங்கே தொடங்கினார் என்பதையும் நான் பார்ப்பேன். இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய ஒருவர் வல விளிம்பில் தொடங்கினால், அது எனக்கு முக்கியமான தடயம். இரண்டு குறைகளும் ஒருவருக்கே இருக்கலாம். புறக்கணிப்பு உள்ளவர், நேரே பார்த்தபடி எவ்வளவு பரப்பு தெரிகிறது என்று அறியும் பார்வைப்புலச் சோதனையில் இடப்பக்க ஒளிக்குப் பதில் சொல்லாமல் போகக்கூடும் என்பதால், ஒரே சோதனையை வைத்து முடிவு கட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: நான் செவிலியர். எழுத்துச் சோதனை எல்லாவற்றிலும் தேறிய ஒருவர், நடக்கும்போது இடப்பக்கக் கதவுநிலையில் மோதிக்கொள்கிறாரே?

பதில்: அமைதியான அறையில், ஒரே தாளின் மீது முழுக் கவனத்தையும் குவித்து அவர் ஈடுகட்டிவிடுகிறார். நடந்துகொண்டே பேச வேண்டியிருக்கும்போது அது முடிவதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் குறையில்லாமல், தொலைவில் மட்டும் புறக்கணிப்பவர்களும் உண்டு. இதற்காகவே கேத்தரின் பெர்ஜெகோ அளவுகோலைப் பரிந்துரைக்கிறேன். முகம் கழுவுதல், உடுத்துதல் போன்ற 10 அன்றாடச் செயல்களைக் கவனித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இட வேண்டும். நோயாளியே தமக்கு இட்டுக்கொள்ளும் மதிப்பெண்ணையும் அருகில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி, தம் குறையை அவர் எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதைக் காட்டும்.

கேள்வி: பட்டகக் கண்ணாடி (ஒளியை வளைத்துக் காட்சியை நகர்த்தும் கண்ணாடி) அணிந்தால் புறக்கணிப்பு குணமாகும் என்கிறார்களே?

பதில்: அது நாள் முழுவதும் அணியும் கண்ணாடி அன்று; பயிற்சிக் கருவி. காட்சியைச் சுமார் 10 பாகை வலப்பக்கம் நகர்த்தும் பட்டகத்தை அணிந்து ஒரு புள்ளியைத் தொட முயன்றால், கை முதலில் வலப்பக்கம் தவறிப்போகும். திரும்பத் திரும்பச் செய்கையில் கை தன்னைத் திருத்திக்கொள்ளும். கழற்றியபின் சற்று நேரம் இடப்பக்கம் சாயும். இந்தச் சாய்வு புறக்கணிப்பைக் குறைப்பதாக 1998இல் ரோசெத்தி குழுவினர் வெளியிட்டனர். பின்வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. ஆகவே இடப்பக்கம் தேடிப் பார்க்கும் பயிற்சிக்குத் துணையாகவே இதைப் பயன்படுத்துகிறேன்.

கேள்வி: எனக்கு வலப்பாதிப் பார்வை போய் எட்டு மாதம் ஆகிறது. திரும்ப வருமா?

பதில்: தானாக மீள்வது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் நடக்கும்; ஆறு மாதத்துக்குப் பின் புலம் விரிவடைவது அரிது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமே. ஆனால் இழந்த பக்கத்துக்குள் கண்ணை வேகமாக, பெரிய வீச்சில் ஓட்டும் பயிற்சியால் நடப்பதும் பொருள்களைத் தேடுவதும் எளிதாகும். உங்களுக்கு வாசிப்புதான் கடினமாக இருக்கும், ஏனெனில் அடுத்த சொல் எப்போதும் இருட்டுக்குள் இருக்கிறது. வரியின் அடியில் அளவுகோல் வைத்து, ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்துவரை பார்வையைத் தள்ளிப் பழகுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கும் பாதிப் பார்வை போய்விட்டது. அந்தக் குருட்டுப் பக்கத்தில் அவருக்கு இல்லாத ஆட்கள் தெரிகிறார்கள். மனநோயா?

பதில்: பெரும்பாலும் இல்லை. காட்சி வராத இடத்தை மூளை தானே உருவங்களால் நிரப்புகிறது. ஆயினும் வலிப்பும் இப்படித் தோன்றலாம் என்பதால் நரம்பியல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: கார் ஓட்டலாமா?

பதில்: பார்வைப்புலம், கவனம் இரண்டையும் சோதித்து, மருத்துவர் எழுத்தில் அனுமதிக்கும்வரை வேண்டாம்.