வெறும் புல்லைப் பார்க்க அவ்வளவு தூரமா?

கேள்வி: அக்கா, மங்கோலியா போகக் காசு சேர்த்து வருகிறேன். எல்லாரும் கோபி பாலைவனத்தைத்தான் சொல்கிறார்கள். எனக்குக் கிழக்கே இருக்கும் தோர்னோத் மாகாணத்தின் மேல்தான் ஆசை. ‘அங்க வெறும் புல்லுதாம்பா’ என்கிறான் நண்பன். போகலாமா? நான் சுத்த சைவம் வேறு.
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: கண்டிப்பாகப் போ தம்பி. வெறும் புல்தான், அதற்காகவேதான் போகணும். நாள் முழுக்க ஜீப் ஓடியும் ஒரு மதில், ஒரு போஸ்டர் கண்ணில் படாத இடம் உலகத்தில் உண்டு என்பதை, ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த நான் அங்கே போய்த்தான் நம்பினேன். பரப்பு சுமார் 1,23,600 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஜனம் மொத்தமே ஒரு லட்சம் தேறாது. நம் தண்டையார்பேட்டை மண்டலத்திலேயே அதைவிடப் பல மடங்கு இருக்கிறோம்.

அந்தக் கிழக்குப் புல்வெளியில் 10 லட்சத்துக்கும் மேல் மான்கள். ‘ஸேர்’ என்பார்கள். மழை பெய்து புல் துளிர்த்த பக்கமாகக் கூட்டம் கூட்டமாக நகர்ந்துகொண்டே இருக்கும். வருஷா வருஷம் ஒரே தடத்தில் போகாது. அதனால்தான் வேலி என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. உலான்பத்தார் – பெய்ஜிங் ரயில் பாதை நெடுகக் கம்பிவேலி போட்டதில், தாண்ட முடியாமல் சிக்கிச் செத்த மான்கள் எத்தனையோ. மிச்சமிருக்கும் வெளியையும் அப்படித் துண்டு போட்டுவிடக்கூடாது. ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் போனால் குட்டிகளோடு பார்க்கலாம். குளிர்காலம் வேண்டாம், மைனஸ் 30 டிகிரியெல்லாம் சாதாரணம்.

மாகாணத் தலைநகர் சோய்பல்சானில் ஒரு ராத்திரி போதும். கால்க்கின் கோல் ஆற்றங்கரைக்குப் போ. 1939-இல் சோவியத் – மங்கோலியப் படைகள் ஜப்பானியரைத் தோற்கடித்த இடம், நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கமே, மலைச்சரிவில் கல் பதித்து உருவாக்கிய 19-ஆம் நூற்றாண்டுப் புத்தர், வானத்தைப் பார்த்தபடி.

சாப்பாடுதான் சிரமம். நான் போன கூடாரத்தில், காய்ந்த சாணம் எரிந்த இரும்பு அடுப்பில் அகல வாணலி. வீட்டம்மா பாலும் உப்பும் சேர்த்த டீயைக் கரண்டியால் மொண்டு, உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தார், நம் டீ மாஸ்டர் ஆற்றுகிற மாதிரி. அதைத் தாராளமாகக் குடி. பாலாடையும், கல்லு மாதிரி காய்ந்த தயிர்க்கட்டியும் கிடைக்கும். எண்ணெய்ப் பலகாரத்தை மட்டும் ஆட்டுக்கொழுப்பில் பொரித்ததா என்று கேட்டுவிட்டு எடு. மற்றபடி எங்கும் ஆட்டுக்கறிதான். அரிசி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கட்டாயம் கட்டிக்கொண்டு போ. கொடுப்பதை வலக்கையால் வாங்கு. நிலைப்படியை மிதிக்காதே, நம் வீட்டிலும் அது ஆகாதுதானே.

கால்க்கின் கோல் எல்லைப் பகுதி. அனுமதிச் சீட்டு இல்லாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வண்டி பேசும்போதே அதற்கும் சொல்லி வை.