எட்டு மாதக் குழந்தைக்குக் கண்ணீர்க் குழாய் அடைப்பு. மசாஜ் செய்தும் நீர் நிற்கவில்லை. ப்ரோபிங் (மெல்லிய கம்பி விட்டு அடைப்பைத் திறப்பது) செய்துவிடலாமா?

கண் சிவக்காமல், நீரும் காலையில் பீளையும் மட்டும்தான் தொல்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம். பிறவியில் வரும் இந்த அடைப்பு சுமார் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானாகவே திறந்துவிடும். அதற்கு முன், மசாஜ் சரியாக நடக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் நடப்பது மசாஜ் அல்ல, வெறும் தடவல்.

குழாய் மூக்குக்குள் திறக்கும் கீழ்முனையில் ஒரு மெல்லிய சவ்வு கிழியாமல் நிற்கிறது. மேலே கண்ணீர்ப் பையில் தேங்கிய நீரை அமுக்கி, அந்த அழுத்தத்தால் சவ்வைத் திறப்பதுதான் மசாஜின் வேலை. மூக்கின் மேல்தோலை நீவினால் பைக்கு எதுவும் தெரியாது.

நகத்தை ஒட்ட வெட்டிக் கையைக் கழுவுங்கள். விரல் நுனியைக் கண்ணின் உள்முனைக்கும் மூக்குத் தண்டுக்கும் நடுவே வையுங்கள். முதலில் எலும்பை நோக்கி உள்ளே அமுக்கி, அழுத்தத்தை விடாமல் மூக்கோரமாகக் கீழே இறக்குங்கள். ஒரு வேளைக்கு 5 முதல் 10 முறை, நாளுக்கு 3 அல்லது 4 வேளை. உள்முனையில் சீழோ நீரோ பிதுங்கினால் பையைத்தான் அமுக்குகிறீர்கள். கொதிக்கவைத்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் அதைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். விரல் கண்விழி மேல் படவே கூடாது. குழந்தை கொஞ்சம் சிணுங்கத்தான் செய்யும். அதற்குப் பயந்து மெதுவாகத் தொட்டால் பயனில்லை.

ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து அடைப்பைத் திறக்காது. பீளை மஞ்சளாகக் கெட்டிப்பட்டால் மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும், மசாஜ் முடிந்தபின் விடுங்கள். பை நிறையச் சீழ் இருக்கும்போது மேலே மருந்து விடுவது வீண்.

ஒரு வயது தாண்டியும் நீர் நிற்காவிட்டால் ப்ரோபிங். பெரும்பாலும் மயக்கம் கொடுத்து, மெல்லிய கம்பியைக் குழாய்க்குள் விட்டுச் சவ்வைத் திறப்பார்கள். சில நிமிட வேலை. அன்று மூக்கில் லேசாக ரத்தம் கசியலாம். முதல்முறை பலிக்காதவர்களுக்குச் சிலிகான் குழாய் பொருத்திச் சில மாதங்கள் விட்டுவைப்பார்கள்.

உள்முனையில் சிவந்த வீக்கம், காய்ச்சல் என்றால் அமுக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பீளையே இல்லாமல் நீர் மட்டும் வழிந்து, வெளிச்சத்தில் குழந்தை கண்ணை இறுக மூடினாலோ, கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிந்தாலோ அது குளுக்கோமாவாக (கண்ணுக்குள் அழுத்தம் கூடும் நோய்) இருக்கலாம். அதற்கு ஒரு வயது வரை காத்திருக்கக் கூடாது, உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.